கடைமடைக் கடைகளுக்கு ஒரு வோல்டேஜ் பாடம்

மாலையில் இறங்குவது ஏன்? நண்பகலில் ஏறுவது ஏன்? சோலார் வைக்கும் முன் வணிகர்கள் அறிய வேண்டியவை



தராசுக்கு முத்திரை வாங்குகிறோம். மூட்டையை எடை போட்டுத்தான் இறக்குகிறோம். எண்ணெய் டின்னைக்கூடத் தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் பில் கட்டி வாங்கும் ஒரு சரக்கின் தரத்தை மட்டும் நாம் பார்ப்பதே இல்லை. அந்தச் சரக்கு மின்சாரம். எத்தனை யூனிட் என்று பில்லில் இருக்கும். எத்தனை வோல்ட்டில் வந்தது என்று அதில் இருக்காது. ஃபிரீசர் கம்ப்ரசர் கருகிய பிறகுதான் அந்தக் கேள்வி நமக்கு வருகிறது.

ஜவ்வாது மலை போன்ற இடங்களில் கடை நடத்துவோருக்கு இந்தப் பாடம் மிகவும் தேவை. போளூர், செங்கம், ஆலங்காயம், அமிர்தி என்று எந்தப் பக்கமிருந்து ஏறினாலும் காடும் பள்ளத்தாக்கும் கடந்துதான் ஊர் வரும். மின்கம்பியும் அப்படித்தான் வருகிறது. ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ மளிகைக் கடை வைத்திருப்பவரும், சாமை குத்தும் மில் வைத்திருப்பவரும், கோடை விழாக் கூட்டத்தை நம்பி ஐஸ் கிரீம் பெட்டி வாங்கியவரும் ஒரு நீண்ட லைனின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது அவர்களுக்குப் பழகிய துன்பம். இப்போது கூரைகளில் சோலார் தகடுகள் ஏறும்போது, வெயில் நேரத்தில் வோல்டேஜ் ஏறுவது என்ற புதிய துன்பமும் சேர்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அதைப் புரிந்துகொண்டால் எங்கே பணம் போடலாம், எங்கே போடக் கூடாது என்பது தெளிவாகும்.

1. கால்வாயும் கம்பியும்

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மதகுக்கு அருகில் இருப்பது தலைமடை. கால்வாய் முடியும் இடம் கடைமடை. எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்கு நீர் மட்டம் தாழ்ந்துதான் வரும்.

டிரான்ஸ்பார்மர்தான் மதகு. கம்பி கால்வாய். வோல்டேஜ் நீர் மட்டம். கம்பியில் ஓடும் கரண்ட் (ஆம்பியர்) நீரோட்டம். ஓட்டம் கூடக்கூட, தூரம் கூடக்கூட, கம்பி மெலியமெலிய, கடைமடையில் மட்டம் இறங்கும்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். நம் ஊர் லைன்களில் பரவலாக இருக்கும் ‘வீசல்’ என்ற ரகக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.91 ஓம் தடை உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து 500 மீட்டர் தள்ளி ஒரு கடை இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. போக 500, நியூட்ரல் வழியாகத் திரும்ப 500, ஆக 1 கிலோமீட்டர். அதில் 20 ஆம்பியர் ஓடினால்:

20 × 0.91 = சுமார் 18 வோல்ட்.

டிரான்ஸ்பார்மரில் 240 இருந்தால் கடையில் 222தான் இருக்கும். இது ஒரு கடையின் கணக்கு. அதே ஃபேஸில் மாவு மில்லும் நாலைந்து வீடுகளும் தொங்கினால் 200-க்கும் கீழே போவதில் வியப்பில்லை. இதற்கு முன்பே 11,000 அல்லது 22,000 வோல்ட் மேல் லைனிலும் தூரத்துக்கு ஏற்ப ஓர் இறக்கம் நடந்திருக்கும். மலை ஊர்களுக்கு அந்த இறக்கமும் பெரியது.

எவ்வளவு ஏற்ற இறக்கம் சரி? 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், சிறு நுகர்வோருக்கு வரும் வோல்டேஜ் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வகுத்தன. 240 வோல்ட்டுக்கு இது சுமார் 225 முதல் 254 வரை வரும். இந்த இரண்டு எண்களையும் கல்லாப்பெட்டி மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

2. இறக்கத்தால் என்ன நட்டம்?

பல்பு மங்குவது சிறிய நட்டம். மோட்டார்தான் பெரிய நட்டம். ஃபிரீசர் கம்ப்ரசரும் மில் மோட்டாரும் கிளம்புவதற்கு வேண்டிய திருகுவிசை, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 240-லிருந்து 180-க்கு, அதாவது முக்கால் பங்குக்கு இறங்கினால், கிளம்பும் விசை முக்கால் பங்காக இருக்காது, 56 சதவீதமாகிவிடும். கம்ப்ரசர் முனகிக்கொண்டே நிற்கும். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். காயில் சூடாகிக் கருகும். உள்ளே இருந்த பால் பாக்கெட்டும் ஐஸ் கிரீமும் தனி நட்டம்.

இதற்கு நாம் அறிந்த மருந்து ஸ்டெபிலைசர். அது தன் கடைக்கு மருந்து, லைனுக்கு நோய். 180 வோல்ட் வாங்கி 240 வோல்ட் கொடுக்க வேண்டுமென்றால், வெளியே ஒரு ஆம்பியர் கொடுக்க உள்ளே 1.33 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். கூடுதல் ஆம்பியர் கூடுதல் இறக்கத்தைக் கொடுக்கும். பத்துக் கடையும் பத்து ஸ்டெபிலைசர் வைத்தால் பதினோராவது கடைக்காரர் இன்னும் இருட்டில் உட்கார வேண்டியதுதான். கடைமடைக்காரர் மோட்டார் வைத்துக் கால்வாயை உறிஞ்சுவது போன்ற கதை இது.

3. சோலார் வந்தால் கால்வாய் திரும்பி ஓடுகிறது

இதுவரை மின்சாரம் ஒரு திசையில் ஓடியது. மேலே ஆலை, கீழே நாம். கூரைச் சோலார் வந்ததும் கடைமடையிலேயே ஒரு கிணறு தோண்டி, மிஞ்சிய தண்ணீரைக் கால்வாயில் இறைப்பது போல ஆகிவிடுகிறது. இறைக்கும் இடத்தில் நீர் மட்டம் உயரும்.

மேலே பார்த்த கடையையே எடுத்துக்கொள்வோம். 5 கிலோவாட் சோலார் வைத்திருக்கிறார். நண்பகல், நல்ல வெயில், கடையில் அதிகச் செலவில்லை. சுமார் 20 ஆம்பியர் வெளியே போகிறது. அதே கம்பி, அதே கணக்கு, அதே 18 வோல்ட். ஆனால் இம்முறை கூட்டல். டிரான்ஸ்பார்மரில் 240 இருந்தால் கடையில் 258.

நடைமுறையில் இன்னும் மோசமாகலாம். நம் டிரான்ஸ்பார்மர்கள் சுமையில்லாதபோது 433 வோல்ட் கொடுக்கும்படி செய்யப்பட்டவை. சிங்கிள் ஃபேஸில் இது 250 வோல்ட். மாலை இறக்கத்தை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. மலை ஊரில் நண்பகலில் சுமை குறைவு. 250 உடன் 18 சேர்ந்தால் 268.

இங்கேதான் சோலார்காரரின் பணம் போகிறது. சிறு மின் உற்பத்தியாளர்களை லைனில் இணைப்பதற்காக மத்திய மின்சார அதிகார அமைப்பு 2013-ல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலகிக்கொள்ள வேண்டும். 240-ஐ அடிப்படையாக வைத்தால் மேல் எல்லை 264. இன்வெர்ட்டரை 230-க்கு அமைத்திருந்தால் 253-லேயே நின்றுவிடும். நின்றதும் வோல்டேஜ் இறங்கும், சிறிது நேரத்தில் மறுபடி சேரும், மறுபடி நிற்கும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடிய இன்வெர்ட்டர், நல்ல வெயில் நாளில் தகராறு செய்வதன் இரகசியம் இதுதான். நண்பகலை ஒட்டி 3 மணி நேரம் 4 கிலோவாட் நின்றுபோனால் நாளுக்கு 12 யூனிட் போயிற்று.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் இருக்கும் கடைக்காரரும், 500 மீட்டர் தள்ளி இருப்பவரும் ஒரே விலை கொடுத்து ஒரே தகடு வாங்குகிறார்கள். முன்னவருக்கு முழு விளைச்சல். பின்னவருக்கு வெயில் உச்சத்தில் கதவடைப்பு. மாலை இறக்கத்திலும் அடிபட்டவர் அவரேதான்.

4. மின்வாரியத்தின் கையில் உள்ள கருவிகள்

முதல் கருவி டேப். துணை மின்நிலையத்திலுள்ள பெரிய டிரான்ஸ்பார்மரில், மின்சாரம் ஓடும்போதே வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றவும் இறக்கவும் வசதி உண்டு. தெருவிலுள்ள சிறிய டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் டேப்பே கிடையாது. இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்தித்தான் மாற்ற முடியும். எனவே “மாலையில் இறங்குகிறது, டேப்பை ஏற்றுங்கள்” என்று ஒரு தெரு மனுக் கொடுத்து அது நிறைவேறினால், நண்பகலில் அடுத்த தெருவின் சோலார் நின்றுபோகும். ஒரே டேப்பால் இரண்டு வேளைக்கும் சமைக்க முடியாது.

இரண்டாவது கருவி கம்பி. ‘வீசல்’ கம்பிக்குப் பதில் தடித்த ‘ராபிட்’ கம்பி போட்டால் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.54 ஓம் ஆகும். நம் 18 வோல்ட் 11 ஆகக் குறையும். ஏற்றம், இறக்கம் இரண்டும் குறையும்.

மூன்றாவது கருவி டிரான்ஸ்பார்மரைக் கடைகளுக்கு அருகில் கொண்டுவருவது. நாம் சொன்ன 4.8 கிலோவாட்டை 240 வோல்ட்டில் கொண்டுவர 20 ஆம்பியர் வேண்டும். 11,000 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரை வைத்து நீளமாகக் கம்பி இழுப்பதைவிட, சிறிய டிரான்ஸ்பார்மர்கள் இரண்டு மூன்றைக் கடைகள் இருக்கும் இடத்திலேயே வைப்பது கடைமடைக்கு நல்லது.

நான்காவது கருவி பெரும்பாலும் செலவில்லாதது: ஃபேஸ்களைச் சமமாகப் பிரிப்பது. நம் 20 ஆம்பியர் ஒரே ஃபேஸில் போகாமல் மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 6.7 ஆம்பியர். நியூட்ரலில் ஓட்டமே இராது. திரும்பும் பாதையின் இழப்பு மிச்சம். கணக்கிட்டால் 18 வோல்ட் 3 வோல்ட்டாகிறது. ஆறில் ஒரு பங்கு! ஊரிலுள்ள சிங்கிள் ஃபேஸ் கடைகளும் சோலார்களும் ஒரே ஃபேஸில் குவிந்திருந்தால் அதைக் கண்டுபிடித்துப் பிரிக்கச் சொல்வதே நாம் கேட்க வேண்டிய முதல் உதவி.

5. காலிக் கோணிப்பைக் கணக்கு

மின் பொறியாளர்கள் ‘ரியாக்டிவ் பவர்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். மோட்டார்களுக்குக் காந்தப்புலம் உண்டாக்க ஒரு கரண்ட் போய்ப் போய்த் திரும்புகிறது. அது வேலை எதுவும் செய்வதில்லை; ஆனால் கம்பியில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. லாரியில் சரக்கோடு காலிக் கோணிப்பைகளும் போய் வருவது போல. விற்பனையில்லை, இடம் மட்டும் போகிறது. மில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே சரியான அளவு கெப்பாசிட்டர் வைத்தால் அந்தக் காலிப் பைகள் லைனில் பயணம் செய்யாது. வோல்டேஜும் ஓரளவு நிமிரும்.

தமிழ்நாடு இந்தப் பாடத்தைக் காற்றாலைகளில் ஏற்கெனவே படித்தது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கி, 1990-களில் முப்பந்தல், கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகின. அன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் இண்டக்‌ஷன் வகை. மின்சாரம் கொடுத்துக்கொண்டே காலிக் கோணிப்பையை லைனிலிருந்து இழுத்தன. கிராமங்களுக்காகப் போட்ட லைன்கள் அதைத் தாங்கவில்லை. கெப்பாசிட்டர் வைப்பது, ரியாக்டிவ் மின்சாரத்துக்குக் கட்டணம் வாங்குவது, காற்றாலைகளுக்கென்றே துணை மின்நிலையம் அமைப்பது என்று ஒவ்வொன்றாக வழி காண வேண்டியிருந்தது. கால்வாயில் தண்ணீர் விடுகிறவர் கரையையும் காக்க வேண்டும் என்பதே அந்த அனுபவம்.

சோலார் இன்வெர்ட்டர் இதில் ஒரு படி மேல். அமைப்பை மாற்றினால் அது காலிக் கோணிப்பையைக் கொடுக்கவும் வாங்கவும் வல்லது. வோல்டேஜ் ஏறும்போது வாங்கிக்கொண்டால் ஏற்றம் தணியும். கூரைச் சோலார் மிகுந்த ஜெர்மனியில் 2012 முதல் சிறிய இன்வெர்ட்டர்களும் இவ்வாறு உதவ வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். மெல்லிய தெருக் கம்பிகளில் இதன் பலன் குறைவு. நீண்ட மேல் லைனில் அதிகம். வேறொரு அமைப்பும் உண்டு. வோல்டேஜ் ஏற ஏற இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அடியோடு நின்று போவதைவிடக் கொஞ்சம் குறைத்து ஓடுவது இலாபம்.

6. கேள்வி – பதில்

கே: கரண்ட் போனால் என் சோலாரில் கடை ஓடுமா?
ப: பேட்டரி இல்லாமல் லைனோடு மட்டும் சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர் என்றால் ஓடாது. லைன் செத்ததும் அதுவும் நின்றாக வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. மலையில் காற்று மழைக்கு மின்தடை வரும் என்று அஞ்சுபவர்கள், பேட்டரியோடு ஓடும் ‘ஹைபிரிட்’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கே: எத்தனை கிலோவாட் வைக்கலாம்?
ப: கடைமடையில் இருப்பவர் கூரை அகலத்தைப் பார்க்கக் கூடாது, பகல் செலவைப் பார்க்க வேண்டும். 20 ஆம்பியர் உற்பத்தியில் 12 ஆம்பியரைக் கடையே தின்றுவிட்டால் லைனில் போவது 8 தான். ஏற்றமும் 18-லிருந்து 7 வோல்ட்டாகிவிடும். மில் ஓட்டுவது, ஃபிரீசரை நன்றாகக் குளிரவைப்பது, தண்ணீர் ஏற்றுவது ஆகியவற்றை வெயில் நேரத்துக்கு மாற்றுங்கள். மாலைச் சுமையும் அதே அளவு குறையும்.

கே: அரசு மானியம் கடைக்கு உண்டா?
ப: 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் வைப்போருக்கு ரூ.78,000 வரை அறிவிக்கப்பட்ட மானியம் வீட்டு இணைப்புக்கு உரியது. கீழே கடை, மாடியில் வீடு என்று இருப்பவர்கள் எந்த இணைப்பில் சோலார் வைக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளவும். மிஞ்சிய யூனிட்டுக்குக் கணக்கு வைக்கும் முறையும் வீட்டுக்கு வேறு, கடைக்கு வேறாக இருக்கலாம். பணம் கட்டும் முன் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்கிறது; மேல் எல்லையைக் கூட்டி வைக்கலாமா?
ப: விதி அனுமதிக்கும் அளவுக்குள் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பொருத்தியவரிடம் கேட்பது முறை. அதற்கு மேல் கூட்டினால் உங்கள் தெருவிலுள்ள எல்லோருடைய பல்பும் சார்ஜரும் டிவியும் பழுதாகும். அக்கம்பக்கத்துப் பொருளை எரித்து வரும் யூனிட் நமக்கு வேண்டாம்.

7. தனியாகக் கேட்காதீர்கள், அளந்து கேளுங்கள்

“வோல்டேஜ் சரியில்லை” என்று வாயால் சொன்னால் “பார்க்கிறோம்” என்று வாயால் பதில் வரும். எண் கொடுத்தால் எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரிகல் கடைகளில் பிளக்கில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கி ஊர்ச் சங்கத்தில் வைத்து, கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

அ) டிரான்ஸ்பார்மருக்கு அருகில் ஒரு கடை, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று கடைகளைத் தேர்ந்தெடுங்கள். கூடுமானவரை மூன்றும் ஒரே ஃபேஸில் இருக்கட்டும்.
ஆ) காலை 6 மணி, நண்பகல் 12 மணி, மாலை 7 மணி என மூன்று வேளையும் ஏழு நாள் அளந்து நோட்டில் எழுதுங்கள். மழையா வெயிலா என்றும் குறியுங்கள்.
இ) எந்தக் கடை எந்தக் கம்பத்தில், எந்த ஃபேஸில் இருக்கிறது, எங்கே சோலார் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கம்பத்தில் ஏறுவது, கம்பியைத் தொடுவது நம் வேலை அல்ல. லைன்மேனைக் கேட்டால் சொல்வார்.

தலைமடைக் கடையிலேயே அளவு சரியில்லை என்றால் குறை டிரான்ஸ்பார்மரிலோ மேல் லைனிலோ இருக்கிறது. தலைமடையில் சரியாக இருந்து கடைமடையில் மட்டும் கெட்டால் குறை தெருக் கம்பியில், அல்லது ஃபேஸ் பங்கீட்டில். வைத்தியர் நாடி பிடிப்பது போல இந்த நோட்டு நோயின் இடத்தைக் காட்டிவிடும்.

மனு இப்படி இருக்கலாம்:

“ஐயா, எங்கள் தெருவில் ... எண் டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் பெறும் ... கடைகளில் ... தேதி முதல் ஏழு நாட்கள் அளந்ததில், கடைசிக் கடையில் மாலை 7 மணிக்கு ... வோல்ட்டும், நண்பகலில் ... வோல்ட்டும் இருந்தன. அளவுப் பட்டியலும் வரைபடமும் இணைத்துள்ளோம். முதலில் ஃபேஸ்களைச் சமன் செய்தும், பின்னர் தேவைப்படின் கம்பியை மாற்றியோ கூடுதல் டிரான்ஸ்பார்மர் அமைத்தோ இரு வேளையும் சரியான வோல்டேஜ் கிடைக்க ஆவன செய்யக் கோருகிறோம்.”

‘இரு வேளையும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மாலையை மட்டும் கேட்டால் டேப்பை ஏற்றிவிட்டுப் போவார்கள்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. எனவே உங்கள் இணைப்பு எந்தப் பிரிவு அலுவலகத்தைச் சேர்ந்தது என்று சரிபார்த்து, அங்குள்ள பொறியாளரிடம் மனுவைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மின்னகம் தொலைபேசி எண் 94987 94987-லும் புகாரைப் பதிந்து பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பலனில்லையேல் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பாடத்தின் சாரம்

மாலை இறக்கமும் நண்பகல் ஏற்றமும் மெலிந்த நீண்ட கம்பி என்ற ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஸ்டெபிலைசர் ஒரு கடையைக் காக்கும், லைனைக் காக்காது. ஃபேஸ் பங்கீடு, தடித்த கம்பி, அருகில் டிரான்ஸ்பார்மர், அளவறிந்த சோலார் ஆகிய நான்கும் எல்லோரையும் காக்கும். மின்கம்பி ஒரு தெருவின் பொதுச் சொத்து. அதில் ஒருவர் செய்வது மற்றவர் கடையில் தெரியும். ஆகவே சோலார் வைக்க நினைக்கும் உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக விண்ணப்பிக்காமல், கடைத்தெரு முழுவதற்கும் ஒரே கணக்காகப் பேசி, மூன்று ஃபேஸிலும் பகிர்ந்து கேட்பது நல்லது. அளக்கும் நோட்டை இந்த வாரமே தொடங்குங்கள்.